நூல் அறுந்தால் தறி நிற்கட்டும்

(தவக்காலம் முதல் வாரம், வெள்ளி: மத்தேயு 5:20-26)



ஜப்பானின் நகோயா நகரில் டொயோட்டா நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் 1994 முதல் இயங்கிவருகிறது. பழைய நெசவாலையின் செங்கல் கட்டடத்தைக் காத்து அமைக்கப்பட்டது அது. கார் பார்க்கப் போகிறவர்கள் அங்கே முதலில் பார்ப்பது தறிகளை!

அந்த நிறுவனத்தை உருவாக்கிய டொயோடா குடும்பத்தின் தொழில் நெசவில்தான் தொடங்கியது. தச்சரின் மகனான சகிச்சி டொயோடா, பல ஆண்டு உழைப்புக்குப்பின், மகன் கீச்சிரோவின் துணையோடு 1924-இல் ஒரு தானியங்கித் தறியை உருவாக்கினார். பாவில் ஓர் இழை அறுந்தால், அது தாங்கியிருந்த மெல்லிய தகடு கீழே விழும். உடனே தறி நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் முழத்துக்கு முழம் பழுதுள்ள துணிதானே சேரும்?

மகன் கார் தயாரிப்பில் இறங்கினார். 1937-இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. தறியின் பாடம் கார் ஆலைக்கும் வந்தது. குறையைக் கண்ட தொழிலாளி யாராயினும் மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம் என்ற முறை உருவானது. மேற்பார்வையாளர் உதவிக்கு ஓடிவருவார். குறை தீராவிட்டால் வேலை நிற்கும்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் நிறுத்தச் சொல்வது எதை? பலியையே! காணிக்கையோடு பீடத்தருகே நிற்கும்போது, சகோதரருக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். கவனியுங்கள்: இவ்விடத்தில் நமக்கு அவர்மேல் கோபமா என்று இயேசு கேட்கவில்லை, அவருக்கு நம்மேல் வருத்தமா என்றே கேட்கிறார்.

நாமோ வரப்புத் தகராறில் அண்ணன் வீட்டோடு பேச்சை நிறுத்துகிறோம், பூசையை நிறுத்துவதில்லை. நாத்தனாரின் முகத்தைப் பார்ப்பதில்லை, செபமாலை தவறுவதில்லை. இழை அறுந்தது தெரிந்தே நெய்துகொண்டிருக்கிறோம்.

நின்று பார்ப்பது தோல்வி அல்ல. ஒப்புரவு அருளடையாளத்தில் நாம் குறையை ஒப்புக்கொள்ளும்போது, தண்டிக்க அல்ல, தூக்கிவிடவே, அந்த மேற்பார்வையாளரைப்போல் இறைவன் விரைந்து வருகிறார்.

ஆகவே ஞாயிறு திருப்பலிக்குமுன் அந்த ஒருவரைத் தேடிப் போங்கள். யார் முதலில் பேசுவது என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அவர் முகம் கொடுக்காமல் போனாலும் உங்கள் நடை வீணாகாது. அதையும் காணிக்கையாக்கி இந்தப் பீடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆமென்.