இல்லம் புகும் நஞ்சும் நம் கடமையும்

வீடு என்பது மனிதன் அச்சமின்றி மூச்சுவிடும் இடம். வெளியிலே எத்துணை இன்னல் நேரினும், வாயிற்படி கடந்து உள்ளே வந்துவிட்டால் தனக்கும் தன் மக்களுக்கும் தீங்கில்லை என்றே ஒவ்வொருவரும் நம்புகின்றனர். ஆயின், தீங்கு செய்யும் பொருள் பகைவன் கையினின்று வாராமல், அன்புடையார் உடையிலும் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு வருமாயின், அதற்குப் பொறுப்பாளி யார்? அறியாமற் செய்த தீமை குற்றமாகுமோ? அறிந்த பின்னும் வாளாவிருத்தல் எத்தகையது? இவ்வினாக்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

செம்பவாங்கைச் சான்றாகக் கொள்வோம். ஆங்கிலேயர் அங்கு அமைத்த கடற்படைத் தளத்தில், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய பெரிய உலர்துறை 1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் திறக்கப்பெற்றது. தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய் அத்தளத்தில் உழைத்தனர். 1968இல் அத்துறைமுகப் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறை என்னும் வாணிக நிறுவனத்தின் கைக்கு மாறியது. அக்காலக் கப்பல்களின் கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும், வெப்பம் வெளிச்செல்லாதிருக்க, ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரைப் பொதிவது உலகெங்கும் வழக்கமாயிருந்தது. பழுது பார்ப்போர் அதனைப் பெயர்த்தெடுக்க வேண்டும். பெயர்த்தால் தூசி எழும். தூசி சட்டையிற் படியும். சட்டை வீட்டுக்கு வரும்.

அவ்வாறு வந்த சட்டை செய்வது யாதென்பதை 1965ஆம் ஆண்டு மோலி நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்னும் இரு பெண்மணிகள் இலண்டன் நகரில் ஆராய்ந்து வெளியிட்டனர். நுரையீரலைச் சூழ்ந்த சவ்வு முதலியவற்றில் தோன்றும் மீஸோதீலியோமா என்னும் கொடிய புற்றுநோய்க்கு ஆளான 76 பேரின் வாழ்க்கை வரலாற்றை அவர்கள் ஆராய்ந்தனர். 31 பேர் தம் தொழிலிலே கல்நாரோடு பழகியவர். வேறு 9 பேரோ அத்தொழிலைச் செய்தவரல்லர். கல்நார்த் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர். அவருள் பெரும்பாலார் பெண்கள். உழைத்து வந்தவனுடைய அழுக்குடையை உதறித் துவைத்ததே அவர்கள் கண்ட பயன்!

இந்நோய் வெளிப்படுவதற்கு இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளும் செல்லும். ஆகவே காரணம் மறைந்துபோய்க் காரியம் மட்டுமே கண்ணுக்குப் புலனாகின்றது. நம்மவர் அதற்கு விதி என்று பெயரிட்டு நெற்றியைத் தடவிக்கொள்வர். தலையெழுத்தென்று நாம் அழுது அடங்கியவற்றுள், முப்பது ஆண்டுகட்குமுன் மூச்சோடு உட்சென்ற தூசி எத்தனையோ!

தோட்டப்புறத்தின் நிலையும் இதனின் வேறன்று. மலேசியத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலை பெரும்பாலும் பெண்மக்களுக்கே விடப்பட்டது. அவர்கள் படும் துன்பத்தைத் தெனாகானித்தா என்னும் அமைப்பு 2002ஆம் ஆண்டு ஆய்வொன்றின் வாயிலாக உலகறியச் செய்தது. தெளித்த மருந்துகளுள் ஒன்றாகிய பாராகுவாட், சிறிதளவு விழுங்கினும் உயிரைப் போக்கவல்லது. 2002இல் அதனை விலக்க எடுத்த முடிவு 2006இல் தளர்த்தப்பட்டு, 2020ஆம் ஆண்டு முதல் நாளிலேதான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. பகலெல்லாம் தெளித்த தாய் அவ்வுடையோடே மாலையிற் குழந்தையைத் தூக்குகின்றாள். அவளைக் குற்றஞ் சொல்வார் உண்டோ?

அறியாதார் மீது பழியில்லை. ஆயின், அறிந்தவர் ஒருவர் எப்பொழுதும் இருந்தனர். மருந்தைச் செய்தவர் அறிவார். வேலைக்கு அமர்த்தியவர் அறிந்திருத்தல் வேண்டும். இலாபம் ஒருவர்க்கும் தூசி மற்றொருவர்க்குமாகப் பங்கிடப்படும்போது, துவைப்பவளைப் பார்த்து, "அம்மா, உதறாமல் துவை" என்று உபதேசிப்பது அறமாகாது. வேலை செய்யுமிடத்திலேயே உடை மாற்ற அறையும், குளிக்க நீரும், உடை வெளுக்க ஏற்பாடும் அளிப்பது முதலாளியின் கடன். அதனைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் கடன். தவறினால் தண்டிப்பது அரசாங்கத்தின் கடன்.

சட்டத்தாலன்றித் தீராத நஞ்சுகளும் உண்டு. தெருக்காற்றிலுள்ள ஈயத்தை எந்தத் தாயும் சல்லடையிட்டுப் பிரிக்க இயலாது. சிங்கப்பூர் 1989இல் கட்டடங்களிற் கல்நார் பயன்படுத்துவதை விலக்கியது; 1998இல் ஈயங் கலந்த பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது. வீட்டுக்கு வீடு புத்திமதி கூறியிருந்தால் இவை நிறைவேறியிரா.

எனினும், சட்டம் நம் படுக்கையறைக்குள் வந்து கொசுவர்த்தியை அணைக்காது. சீனத்திலும் மலேசியாவிலும் செய்த கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமமான நுண்துகளை வெளிவிடுகின்றதென அளந்து கூறிற்று. கதவடைத்த அறையில் குழந்தையின் தலைமாட்டில் அதனை ஏற்றி வைப்பவர், கொசுவினின்று காக்கும் அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர். கொசுவலை ஒன்று அதே அன்பைப் புகையின்றிச் செய்யும். சாம்பிராணிக்கும் ஊதுவத்திக்கும் இதே நியாயம் பொருந்தும். பக்திக்குப் புகை இன்றியமையாததாயின், சன்னலைத் திறந்து வைத்தால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

"நம் பாட்டன்மார் இப்புகையிலேதானே வாழ்ந்தார்கள்?" என்பர் சிலர். வாழ்ந்தவரே நமக்குப் பாட்டன்மார் ஆயினர். இருமி மாண்ட குழந்தைகள் யாருக்கும் பாட்டன் ஆகவில்லை. மாண்டவர் வந்து சாட்சி சொல்லார். ஆதலின், பழமை என்பது ஒன்றின் தீங்கின்மைக்குச் சான்றாகாது.

"வயிற்றுப்பாடே பெரும்பாடாயிருக்க, காற்றையும் தூசியையும் எண்ண நேரமேது?" என்பர் வேறு சிலர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. ஆனால் வயிற்றுக்காக உழைக்கும் உடம்பே அழிந்துவிட்டால், உழைப்பதற்கு யாதுளது? இங்கே பட்டறையில் வியர்வை சிந்தித் தமிழகத்துக்குப் பணம் அனுப்பும் நம் இளைஞர், ஆங்கே கட்டும் வீட்டுக்கு மலிவென்று ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்கின்றனர். பெற்றோர் உறங்கும் கூரை அது. அதனை அறுக்கும்போதும் உடையும்போதும் எழும் தூசிக்கு விலை பின்னரே கொடுக்கப்படும்; கொடுப்பவர் வாங்கியவராயிருக்கமாட்டார்.

நேயர்களே, தீமையைத் தெரிந்தெடுப்பவர் ஒருவர், அதனைச் சுவாசிப்பவர் மற்றொருவர் என்னும் முறை எங்குளதோ அங்கு அநீதி உளது. பட்டறையில் அவ்வநீதிக்கு நாம் ஆளாகின்றோம். வீட்டிலோ, மனைவிக்கும் மக்களுக்கும் நாமே அதனை இழைத்தல் கூடும். முதலாளியிடம் நியாயம் கேட்கும் கை, சிகரெட்டை வாயிலுக்கு வெளியே கொண்டுபோகவும் கற்கவேண்டும். களைக்கொல்லியைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதிருக்கவும் கற்கவேண்டும். வேலையுடையைத் தனியே களைந்து தனியே துவைப்பதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. சங்கத்தில் ஒருவர் எழுந்து உடை மாற்றும் அறை வேண்டுமெனக் கேட்பதற்குத் துணிவு ஒன்றே வேண்டும். இவ்விரண்டையும் இவ்வாரமே தொடங்கலாம்.