மானமும் மருத்துவமும்

மனித உடலின் தசைகளுள் பெரிதும் புகழப்படுவது இதயம். எவராலும் பேசப்படாதது ஆசனவாயின் சுருக்குத்தசை. ஆயினும், பேசப்படாத அத்தசை தளர்ந்துவிட்டால் மனிதன் வீட்டு வாயிலைத் தாண்டவே அஞ்சுகிறான். பேறுகாலத்தில் தசை கிழிந்த தாய்மாருக்கும், நரம்பு பழுதுற்றோருக்கும், பிறவிக் குறையுடையோருக்கும் இந்நிலை நேர்வதுண்டு. இஃது உயிரைப் பறிக்கும் நோயன்று. பந்தி, பயணம், பணி, வழிபாடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பறிக்கும் நோயாகும். அத்தகைய துன்பத்தை நீக்க, உடலுக்கே ஊறு விளைவிக்கக்கூடிய அறுவை மருத்துவத்தை நாடுவது அறமாகுமா?

சிறுநீரை அடக்க அமைந்த செயற்கைச் சுருக்குத்தசையை இந்நோய்க்குப் பயன்படுத்திய செய்தியை 1987-ஆம் ஆண்டில் டென்மார்க் மருத்துவர்கள் வெளியிட்டனர். பின்னர் இதற்கெனவே உருவான 'ஆக்டிகான்' என்னும் கருவிக்கு, 2001-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்தது. ஆசனவாயைச் சுற்றி நீர் நிரம்பிய பட்டை ஒன்று. அடிவயிற்றில் சிறு பலூன். தோலுக்கடியில் ஒரு பம்பு. பம்பை அழுத்தினால் நீர் பலூனுக்குச் செல்லும், வழி திறக்கும். சில நிமிடங்களில் நீர் தானே திரும்பிப் பட்டையை இறுக்கும்.

எனினும், 2002-இல் வெளிவந்த ஆய்வு மற்றொரு பக்கத்தையும் காட்டிற்று. கருவி பொருத்தப்பெற்ற 112 பேருள் 51 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. 41 பேருக்குக் கருவியை முற்றிலும் அகற்ற நேர்ந்தது. கருவி நிலைத்தோரை மட்டும் எண்ணினால் வெற்றி 85 விழுக்காடு. அனைவரையும் எண்ணினால் 53 விழுக்காடு. இரண்டும் மெய்யான கணக்குகளே. ஆனால், முதற்கணக்கை மட்டும் நோயாளியிடம் கூறுவது மெய்யாகுமா? பாதியாகச் சொல்லப்பட்ட உண்மை, முழுப்பொய்யைவிட எளிதில் நம்பப்படும்.

"உயிருக்கு ஆபத்தில்லையே, பொறுத்துக்கொள்" என்பது நலமுள்ளவன் கூறும் அறிவுரை. பிறர் துன்பத்தைச் சிறிதென்று அளக்கும் கோல் எவர் கையிலும் இல்லை. முழுவதும் அறிந்த பின், இடரை ஏற்பதும் மறுப்பதும் துன்புறுவோரின் உரிமையேயாகும்.

வள்ளுவர் மானத்தைச் செயலோடு பிணைத்தார். தாழ்வு தரும் செயல்களை விலக்கச் சொன்னார். தசையின் தளர்ச்சி எவரும் செய்த செயலன்று. எனவே அதில் இழிவில்லை. அதைக் கண்டு நகைப்பதில்தான் இழிவு உண்டு. ஆக்டிகான் இன்று விற்பனையில் இல்லை. ஆனால், நோயாளி நாணமின்றித் தன் குறையைச் சொல்லவும், மருத்துவர் மறைக்காமல் விளக்கவும், சுற்றத்தார் நகையாமல் கேட்கவும் எந்தக் கருவியும் வேண்டியதில்லை. மானம் காக்கும் முதல் மருத்துவம் அதுவே.