காலம் கடந்து வந்த மாலை

உழைப்பு முடிந்த பிறகு ஒரு மனிதனுக்கு என்ன மிஞ்சுகிறது? வேதாந்தியிடம் கேட்டால் ஆன்மாவைப் பற்றிப் பேசத் தொடங்குவார். கணக்குப்பிள்ளையிடம் கேட்டால் பென்ஷன் எவ்வளவு என்பார். இந்தக் கேள்வியை அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் பந்து வீச்சாளர்களிடம் கொண்டுபோய்க் கேட்டால் நல்ல பதில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிரிக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

மற்றத் தொழில்களில் வயது ஏற ஏற மனிதன் பழுக்கிறான். அறுபது வயது வக்கீலுக்கு மதிப்பு அதிகம். எழுபது வயதுச் சங்கீத வித்துவானைப் பயபக்தியோடு கேட்கிறோம். பந்து வீச்சாளனோ நாற்பது வயதில் கிழவன். அறுபது அடி ஆறு அங்குல தூரத்தில் மட்டையோடு நிற்கும் ஒருவனை ஏமாற்றுவதற்காக, தோளையும் முழங்கையையும் இயற்கை நினைத்துப் பார்த்திராத விதத்தில் சுழற்றிச் சுழற்றி, உடம்பு ஒருநாள் 'போதும்' என்று சொல்லிவிடுகிறது. அதன்பின் முப்பது, நாற்பது வருஷ ஆயுள் பாக்கி இருக்கிறது. செய்து முடித்ததைத் திரும்பிப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய இன்னொரு ஆயுள்!

அந்த இரண்டாவது ஆயுளில்தான் தீர்ப்பு வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பாலுக்கென ஒரு கீர்த்தி மண்டபம் இருக்கிறது. 1936இல் முதல் ஐவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1939இல் கட்டடத்தைத் திறந்தார்கள். ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் கழிந்த பிறகே ஒருவருடைய பெயர் பரிசீலனைக்கு வரும். வாக்களிப்பவர்கள் பத்திரிகை நிருபர்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சரியென்றால் வெண்கலத் தகட்டில் முகம் ஏறும். இல்லையென்றால் அடுத்த வருஷம். இப்படிப் பத்து வருஷம் வரை பெயர் தொங்கிக்கொண்டிருக்கலாம். முன்பெல்லாம் பதினைந்து வருஷம். அதிலும் தவறியவர்களுக்கு ஒரு சிறு குழு, மேல்கோர்ட்டு மாதிரி. பத்திரிகைக்காரர்கள் கையிலா ஒரு மனிதனின் கீர்த்தி என்று வாசகர் புருவத்தை உயர்த்தலாம். உயர்த்தட்டும், வேறு யார் கையில் கொடுத்தாலும் இதே புருவம் உயரத்தான் போகிறது.

511 ஆட்டங்களை வென்ற ஸை யங், அந்த முதல் தேர்தலில் தேறவில்லை. அவரை மிஞ்சி இன்றுவரை யாரும் வென்றதில்லை. பிற்காலத்தில் சிறந்த பந்து வீச்சாளருக்கான பரிசுக்கே அவர் பெயரை வைத்தார்கள். ஆனாலும் 1937 வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வருஷம்தானே என்று விட்டுவிடலாம். பர்ட் பிளைலெவன் கதையை அப்படி விட்டுவிட முடியாது. 1992இல் ஆட்டத்தை நிறுத்தியவர் அவர். 287 வெற்றிகள் அவர் கணக்கில் இருந்தன. 1998இல் முதல் முறையாகப் பெயர் வந்தபோது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் கூட அவரை ஏற்கவில்லை. 2011இல், பதினான்காவது முறையில், ஏறத்தாழ எண்பது பேர் ஏற்றார்கள். இடையில் கழிந்த பதின்மூன்று வருஷத்தில் அவர் ஒரு பந்தும் வீசவில்லை. ஒரு வெற்றி கூடவில்லை, ஒரு தோல்வி குறையவில்லை. செயல் அப்படியே கிடந்தது. பார்த்தவர்களின் கண்தான் மாறியது.

அப்படியானால் அந்த வெண்கலத் தகடு யாரைப் பற்றிச் சொல்கிறது? வீசியவரைப் பற்றியா, பார்த்தவர்களைப் பற்றியா?

இதை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க, ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 1965 அக்டோபர் 14. மினசோட்டா மாநிலத்தில் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். (அமெரிக்கர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்வதற்கே உலகத் தொடர் என்று பெயர்.) லாஸ் ஏஞ்சலீஸ் அணிக்கு சாண்டி கோஃபாக்ஸ் பந்து வீசுகிறார். வயது இருபத்தொன்பது. மினசோட்டா அணிக்கு ஜிம் காட். வயது இருபத்தாறு. இருவரும் இடக்கைக்காரர்கள். அந்தத் தொடரில் அவர்கள் எதிரெதிரே நிற்பது மூன்றாம் தடவை. முதல் தடவை காட் பக்கம் வென்றது, இரண்டாம் தடவை கோஃபாக்ஸ் பக்கம். இப்போது கோஃபாக்ஸுக்கு இரண்டே நாள் ஓய்வு. வளைந்து விழும் பந்து அன்றைக்கு அவர் சொன்னபடி கேட்கவில்லை. நேரே பாயும் வேகப் பந்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டம் முழுவதையும் முடித்தார். இரண்டுக்குப் பூஜ்யம். காட் நான்காவது இன்னிங்ஸிலேயே வெளியேற வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு இருவருமே தங்கள் லீகில் எல்லாரையும்விட அதிகம் வென்றார்கள். கோஃபாக்ஸ் 27, காட் 25. அந்த ஆண்டு வரை இரண்டு லீகுகளுக்கும் சேர்த்து ஸை யங் பரிசு ஒன்றே ஒன்றுதான். அது கோஃபாக்ஸுக்குப் போயிற்று. மறு ஆண்டு முதல் லீகுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் முன்னதாக இந்த ஞானோதயம் ஏற்பட்டிருந்தால்! ஆனால் ஞானோதயங்கள் பிறருடைய வசதி பார்த்து வருவதில்லை.

பரிசு வாங்கிய அதே நவம்பரில் கோஃபாக்ஸ் விலகிக்கொண்டார். வயது முப்பது. இடது முழங்கையில் மூட்டுவாதம். ஊசி மருந்தும் பனிக்கட்டி நீரும் இல்லாமல் பந்து வீச முடியாது என்ற நிலை. இந்த ஆட்டத்துக்குப் பிறகும் தமக்கு நீண்ட வாழ்க்கை இருக்கிறது, அந்த வாழ்க்கைக்குத் தம் கை வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணத்தின் சாரம். முந்தின ஆண்டு உலகத் தொடரின் முதல் ஆட்டம் யூதர்களின் புனித நோன்பு நாளில் வந்தபோது, பந்து வீச மாட்டேன் என்று ஒதுங்கியவரும் இவர்தான். ஆட்டத்தைவிடப் பெரியவை சில உண்டு என்று இவருக்குத் தெரிந்திருந்தது. 1972இல், முப்பத்தாறு வயதில், கீர்த்தி மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவ்வளவு இளம் வயதில் அங்கே நுழைந்தவர் வேறு யாரும் இல்லை.

காட் விலகவில்லை. 1983 வரை, ஐந்து அணிகளில், இருபத்தைந்து பருவங்கள் ஆடினார். மொத்தம் 283 வெற்றிகள். கோஃபாக்ஸின் கணக்கு 165தான். அந்த மினசோட்டா நாளுக்குப் பதினேழு வருஷம் கழித்து, 1982இல், செயின்ட் லூயிஸ் அணியோடு அவருக்கு உலகத் தொடர் வெற்றி கிடைத்தது. பிறகு பெயர் வாக்கெடுப்புக்கு வந்தது. பதினைந்து வருஷமும் வந்தது. ஒரு தடவையாவது மூன்றில் ஒரு பங்கு வாக்குத் தேறியதில்லை. கடைசியில் அந்தச் சிறு குழு 2021 டிசம்பரில் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜூலையில் கூப்பர்ஸ்டவுன் மேடையில் ஏறியபோது அவருக்கு வயது எண்பத்து மூன்று. கோஃபாக்ஸுக்கு மாலை விழுந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாவல் எழுதுகிறவனிடம் இவர்களில் ஒருவரைக் கதாநாயகனாக எடுத்துக்கொள் என்றால், எவனும் யோசிக்காமல் கோஃபாக்ஸைத்தான் எடுப்பான். உச்சியில் நின்றுகொண்டு 'போதும்' என்று சொல்கிற மனிதனிடம் ஒரு கவர்ச்சி இருக்கிறது. அவன் கதை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. நான்கு நாளைக்கு ஒரு தடவை சட்டையை மாட்டிக்கொண்டு, சில நாள் வென்று, சில நாள் தோற்று, இருபத்தைந்து வருஷம் வந்துகொண்டே இருந்தவனை எந்த அத்தியாயத்தில் தொடங்கி எந்த அத்தியாயத்தில் முடிப்பது? வாக்களித்தவர்களும் எழுதுகிறவர்கள்தானே! கதைக்கு மயங்குவது எங்கள் ஜாதியின் குணம். குடும்பத்தில்கூட இப்படித்தான் நடக்கிறது. என்றோ ஒருநாள் வந்து ஆயிரம் ரூபாயை அள்ளிக் கொடுத்த சித்தப்பாவை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். தினமும் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டியவளின் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

"பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்ய வேண்டியதுதானே? காட்டுக்கு எதற்கு இந்த வெண்கலம்?" என்று கீதையைக் காட்டிச் சிலர் கேட்பார்கள். நல்ல உபதேசம்தான். ஆனால் அதைச் சொல்கிறவர்களின் கழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஏற்கனவே ஒரு மாலை கிடக்கும். மாலை விழுந்த கழுத்துக்குத் துறவு சுலபம். தன் உழைப்பைத் தன் தொழிலைத் தெரிந்தவர்கள் அங்கீகரிக்க வேண்டும் என்று ஒருவன் விரும்புவதைப் புகழாசை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது, 'என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மைதானா?' என்று கேட்கிறானே, அந்தக் கேள்விக்குச் சாட்சி தேடுகிறான். சாட்சி தேடுவது குற்றமல்ல. சாட்சி வராவிட்டால் வழக்கே பொய் என்று நினைக்கத் தொடங்குவதுதான் ஆபத்து.

பாப் ஃபெல்லர் அப்படி நினைக்காதவர். பதினேழு வயதில் பந்து வீச வந்த அதிசயப் பையன். இருபத்து மூன்று வயதில், பெர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்த இரண்டு நாளைக்குள், கடற்படையில் சேர்ந்தார். அலபாமா என்ற போர்க்கப்பலில் பீரங்கிப் பிரிவில் இருந்தார். ஏறக்குறைய நான்கு பருவங்கள் போயின. அவை ஒரு பந்து வீச்சாளனின் மிகச் சிறந்த வருஷங்கள். 266 வெற்றிகளோடு நின்றார். முந்நூறு என்பது அந்தத் தொழிலில் ஒரு மந்திர எண். போர் இல்லாவிட்டால் அதை அநாயாசமாகத் தாண்டியிருப்பார். 1962இல் கீர்த்தி மண்டபம் அவரை ஏற்றது. 2010இல் காலமாகும் வரை, பேஸ்பாலைவிடக் கடற்படையில் இருந்த காலத்தையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குச் சாட்சி வேறு இடத்தில் கிடைத்திருந்தது.

ஆனால் சாட்சிகளே கூண்டுக்கு வரமாட்டோம் என்று கூடிப் பேசி வைத்துக்கொண்டால்? சாட்சல் பெய்ஜ் விஷயம் அதுதான். கறுப்பு நிறத்தில் பிறந்த காரணத்தால், 'நீக்ரோ லீக்' என்று அந்நாளில் பெயரிட்ட தனிப் பந்தயங்களில் இருபது வருஷத்துக்கு மேல் பந்து வீசினார். பெரிய லீக் அவருக்குக் கதவைத் திறந்தது 1948இல். அப்போது வயது நாற்பத்திரண்டு. மற்றவர்கள் வீட்டுக்குப் போகிற வயதில் அவர் முதல் நாள் வேலைக்கு வந்தார்! வந்த வருஷமே ஆறு வென்று ஒன்றுதான் தோற்றார். 1965இல், ஐம்பத்தொன்பது வயதில், கான்ஸாஸ் சிட்டி அணியின் முதலாளி அவரைக் கூட்டி வந்து, மைதான ஓரத்தில் ஆடும் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தினார். ஜனங்கள் சிரிக்க வேண்டுமே! பெய்ஜ் எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் வீசினார். ஒரே ஒரு அடிதான் எதிரிக்குக் கிடைத்தது.

1971இல் கீர்த்தி மண்டபம் அவரை ஏற்க முடிவு செய்தபோது, நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்குவதாக முதலில் அறிவித்தார்கள். பந்தியில் தனி இலை! எதிர்ப்பு எழுந்தது, அந்த எண்ணத்தைக் கைவிட்டு, எல்லாரோடும் சமமாகவே அவரை வைத்தார்கள். இங்கே நான் முதலில் கேட்ட கேள்விக்கு வேறொரு முகம் வந்துவிடுகிறது. பெய்ஜுக்கு மண்டபம் கொடுத்தது மரியாதையா, கடனா? கடனைத் திருப்பிக் கொடுப்பவன் தர்மவான் போல் மேடையில் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. பந்து வீச மறுக்கப்பட்ட இருபது வருஷத்தை எந்த வெண்கலத்தாலும் வார்த்துக் கொடுக்க முடியாது. அந்தப் பழைய லீகுகளும் பெரிய லீகுகளே என்று ஒப்புக்கொள்ள 2020 டிசம்பர் வரை ஆயிற்று; பெய்ஜ் 1982லேயே போய்விட்டார்.

இன்னொரு வகையும் உண்டு. வாக்களிப்பவர்கள் ஒழுக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி. பந்தில் எச்சிலும் பிசுக்கும் தடவி ஏமாற்றியதைத் தாமே புத்தகமாக எழுதிய கேலார்ட் பெர்ரியை 1991இல் உள்ளே விட்டார்கள். ஊக்க மருந்துக் குற்றச்சாட்டுக்கு ஆளான ரோஜர் கிளெமன்ஸை, அவர் மறுத்தும், பொய்ச் சாட்சி வழக்கில் 2012இல் விடுதலையான பிறகும், பத்து வருஷமும் வெளியே நிறுத்தினார்கள். எச்சில் வேடிக்கையாகிவிட்டது, மருந்து பாவமாகிவிட்டது. இதில் தர்க்கம் தேடி என்ன பயன்?

டாமி ஜானைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1974இல் அவருடைய இடது முழங்கையின் தசைநார் அறுந்தது. அந்தக் காலத்தில் அது ஒரு பந்து வீச்சாளனின் மரணம். ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர், வலது கையிலிருந்து ஒரு நாரை எடுத்து இடது கையில் கட்டிப் பார்த்தார். நூற்றில் ஒரு பங்குதான் நம்பிக்கை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். ஜான் 1976இல் திரும்பி வந்தார். அறுவைக்கு முன் 124 வெற்றி, பின் 164. நாற்பத்தாறு வயது வரை வீசினார். இன்று அந்தச் சிகிச்சைக்கு டாமி ஜான் அறுவை என்றே பெயர். முழங்கையில் தழும்போடு மேட்டில் ஏறும் எத்தனையோ இளைஞர்கள் அவர் பெயரைக் கைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். டாக்டர் ஜோப்பை 2013இல் கூப்பர்ஸ்டவுனில் கௌரவித்தார்கள். நோயாளிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

2024 டிசம்பரில் மறுபடியும் குழு கூடியது. பதினாறு பேரில் பன்னிரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். எண்பத்தொரு வயதான ஜானுக்கு விழுந்த வாக்குகள் ஏழு.