மைனஸ் 196 டிகிரியில் உயிர்

நீர்ப்பூஞ்சை பெயரில்தான் பூஞ்சை. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு. காளானைவிடப் பழுப்புக் கடற்பாசிக்கே அது நெருங்கிய உறவு. சேலம் அம்மாபேட்டையைச் சூழ்ந்த சமவெளியில் மழைநீர் வடியாத மஞ்சள் வயலில் கிழங்கு அழுகுகிறதென்றால், பெரும்பாலும் பித்தியம் என்னும் நீர்ப்பூஞ்சையின் வேலையாக இருக்கும். இலை ஓரத்திலிருந்து காயும். தூரின் அடி நீர்கோத்து மெத்தென்றாகும். கிழங்கைப் பிதுக்கினால் சதை கூழாக வரும்.

இதை ஆய்வகத்தில் காப்பது எளிதல்ல. பெனிசிலியம் போன்ற உண்மைப் பூஞ்சையின் வித்துகளை உலர்த்தி ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். நீர்ப்பூஞ்சையின் இழையோ குறுக்குச்சுவர் இல்லாத, நீர் நிறைந்த குழாய். உலர்த்தினால் பெரும்பாலும் செத்துவிடும். அகாரில் மாற்றி மாற்றி வளர்த்தால் நோயுண்டாக்கும் வீரியம் குன்றக்கூடும். ஆகவே உறையவைக்கிறார்கள். வளர்ப்பின் விளிம்பில் வெட்டிய அகார் வில்லைகளைப் பத்து விழுக்காடு கிளிசரால் கரைசலோடு குப்பியிலிட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மைனஸ் 40 வரை குளிர்வித்து, பிறகு மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். அவசரப்பட்டால் இழைக்குள் பனிப்படிகம் உருவாகிச் சவ்வைக் கிழிக்கும். தாமதித்தால் செறிந்த உப்பே கொல்லும். கிளிசரால் காக்கும் என்பதை 1949இல் பிரிட்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தணுவில் கண்டார்கள்.

அந்தக் குளிரில் செல்லுக்குள் வேதிவினை எதுவும் நடைமுறையில் நடப்பதில்லை. பல ஆண்டு கழித்துக் குப்பியை 37 டிகிரி நீரில் சட்டென உருக்கி, வில்லையைப் புது அகாரில் வைத்தால் சில நாளில் வெள்ளை இழை ஓடுகிறது. இடைப்பட்ட காலத்தில் அதற்கு உயிர் இருந்ததா? டேவிட் கெய்லின் 1959இல் இத்தகைய நிலைக்கு கிரிப்டோபயோசிஸ் என்று பெயரிட்டார். பெயர் கிடைத்ததே தவிர, கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

சமயங்கள் இதற்குச் சில அளவுகோல்களை வைத்திருக்கின்றன. நிரோத சமாபத்தி என்னும் ஆழ்ந்த தியானத்தில் மூச்சடங்கி இருக்கும் துறவிக்கும் பிணத்துக்கும் என்ன வேறுபாடு என்று பாலி மொழியில் உள்ள பௌத்த நூலான மகாவேதல்ல சுத்தம் கேட்கிறது. துறவியிடம் ஆயுள் தீரவில்லை, உடற்சூடு தணியவில்லை, புலன்கள் கெடவில்லை என்பது விடை. பூஞ்சையை மனத்தில் வைத்துச் சொன்னதல்ல. ஆனாலும் குப்பி இந்தச் சோதனையில் சூட்டிலேயே தோற்கிறது.

சமணம் ஓரறிவு உயிருக்குத் தொடுபுலன், உடல்வலிமை, மூச்சு, ஆயுள் என நான்கு பிராணன்களைச் சொல்கிறது. மூச்சு நின்றாலும் ஆயுள் கரைந்துகொண்டே போகும். அதை நிறுத்திவைக்க முடியாது. அப்படியானால் உறைந்த உயிர் உள்ளேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும். இதற்கும் சமணத்தில் வழி உண்டு. முளைக்கும் தகுதியுள்ள விதையில் பழைய உயிரே திரும்பலாம், வேறு உயிரும் வந்து புகலாம் என்கிறது கோம்மடசாரம். குப்பியிலிருப்பது உயிரல்ல, உயிர் வந்து தங்கக்கூடிய இடம் என்று இதை நீட்டிப் பொருள் கொள்ளலாம். துணிச்சலான விடை இதுதான்.

சைவ சித்தாந்தத்துக்குச் சிக்கல் குறைவு. அது சொல்லும் ஐந்து அவத்தைகளில், அதாவது உயிரின் நிலைகளில், கடைசியான துரியாதீதத்தில் மூச்சும் அடங்கி, ஆணவ மறைப்போடு உயிர் மட்டும் மூலாதாரத்தில் எஞ்சும். பிறகு கருவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி விழிப்பு வரும். உறைந்த இழை அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் உருக்கியும் எழாத குப்பியில் உயிர் எப்போது நீங்கியது என்பதை இந்த விளக்கத்தால் சொல்ல முடியாது.

மணிமேகலையில் வரும் பூதவாதிக்குத் தனி உயிர் என ஒன்று வேண்டியதில்லை. பூதங்கள் கூடும் விதத்தில் உணர்வு தோன்றும் என்பவன் அவன். எழும் குப்பியும் எழாத குப்பியும் நைட்ரஜனுக்குள் ஒரே அசைவின்மையில் கிடக்கின்றன; மூச்சும் சூடும் இரண்டிலும் இல்லை. சவ்வு கிழிந்ததா இல்லையா என்பதே வேறுபாடு, அதுவும் உருக்குவதற்கு முன்பே அங்கே இருக்கிறது. இவ்வளவுக்குப் பூதவாதியின் கை ஓங்குகிறது. ஒரே வளர்ப்பில் வெட்டிய பத்து வில்லைகளும் தனித்தனியே வளர்ந்தால் அவை எத்தனை உயிர் என்ற கேள்வி வேறு. மரவள்ளிக் குச்சியை நறுக்கி நடும் சேலத்து வயல்களில் அது எப்போதும் உள்ளதுதான்.