திறமூல நிரலில் பிறர் பொருள்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தம் உழைப்பின் பயனை யாவரும் எடுத்தாளலாம் என ஒருவர் பொதுவில் வைக்கிறார். அதனுள் அவருக்கு உரிமையில்லாத பிறர் பொருளும் கலந்திருக்கக்கூடும் என்ற ஐயம் எழுகிறது. அந்நிலையில் எடுத்தாள்வோரின் கடமை யாது? பதிப்பும் தொகுப்பும் பயின்ற தமிழாய்வாளர்க்கு இவ்வினா புதியதன்று. நிரலின் மூலவடிவத்தைத் திறந்துவைத்து, பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமம் வழங்குவது திறமூலம் ஆகும். ஒரு நிரல் பிறர் எழுதிய துணைநிரல் தொகுதிகளையும் உடன்கொண்டு வருவதுண்டு. கணினியாளர் அவற்றை ‘நூலகம்’ என்பர். அவற்றுள் ஒன்று தனியுரிமை உடையதாக இருக்கலாம் என்னும் ஐயத்தின் அறநிலையை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

ஒரு நூல், பல உரிமைகள்

கொல்கத்தா அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் எஸ். வையாபுரிப்பிள்ளையின் நூற்றொகுதி காக்கப்பட்டு வருகிறது. அவர் பதிப்பித்து 1940இல் வெளிவந்த ‘சங்க இலக்கியம்’ என்னும் நூலை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். அதிலுள்ள பாடல்கள் எவர்க்கும் தனியுடைமை அல்ல. முகவுரையோ பதிப்பாசிரியரின் படைப்பு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் மறைவுக்குப் பின்னும் உரிமையைக் காக்கிறது. அக்காலம் இன்று 60 ஆண்டுகளாகும். ஒரே அட்டைக்குள் இருப்பவை ஒரே உரிமைக்குள் அடங்கா என்பது இதனால் பெறப்படும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டின் பதிப்பாளர்கள் தம் வெளியீடுகளின் படியைத் தேசிய நூலகத்திற்கு அளிக்கின்றனர். எனினும் படியைப் பெற்றமையால் நூலகம் படைப்பின் உரிமையைப் பெற்றுவிடுவதில்லை. பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்றே வகைப்படுத்துதலின், இவ்வேறுபாடு நிரலுக்கும் பொருந்தும். தம்மிடம் இல்லாத உரிமையை ஒருவர் தம் உரிமத்தால் பிறர்க்கு வழங்க இயலாது.

ஜாவா தரும் சான்று

இச்சிக்கலுக்கு ஜாவா சிறந்த சான்றாகும். தமிழ் ஆய்வேடுகளும் இடம்பெறும் சோத்கங்கா களஞ்சியம் டிஸ்பேஸ் என்னும் திறமூல மென்பொருளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. டிஸ்பேஸ் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவாவைத் திறமூலமாக்குவதாக சன் நிறுவனம் 2006இல் அறிவித்தது. 2007இல் நிரல் வெளியானபோது ஏறத்தாழ 4 விழுக்காடு திறக்கப்படவில்லை. எழுத்துருக்களைத் திரையில் வரையும் பகுதி உள்ளிட்ட சில, பிறர்க்கு உரியனவாக இருந்தமையே காரணம். அந்நிறுவனம் அவற்றைத் தன்னுடையன எனக் காட்டாமல் தனியே பிரித்து வைத்தது. ரெட் ஹேட் நிறுவனம் தொடங்கிய ஐஸ்டீ திட்டத்தினர் அப்பகுதிகளுக்கு ஃப்ரீடைப் போன்ற கட்டற்ற நூலகங்களை மாற்றாக அமைத்தனர். 2008இல், இவ்வாறு முழுமையுற்ற வடிவம் ஜாவாவின் ஒப்புமைச் சோதனையிலும் தேறியது. இன்னது நம்முடையது, இன்னது பிறருடையது என முதலிலேயே குறிக்கப்பட்டதே அப்பணிக்கு வழிகாட்டிற்று.

தடையும் விடையும்

‘உரிமம் தந்தவர் அவர், நம்பி எடுத்தவர் யாம், பிழை எம்முடையதன்று’ எனச் சிலர் கூறலாம். ஐயம் தோன்றும் வரை இவ்விடை ஏற்புடையதே. ஐயம் தோன்றிய பின்னும் ஆராயாதிருத்தலை அறியாமை எனல் பொருந்தாது. எடுத்தாள்வோர் அந்நிரலை மேலும் பலர்க்கு வழங்குகின்றனர். வழங்கும்போது ஐயத்தை மறைத்து உரிமத்தை மட்டும் காட்டின், ஒருவரது ஐயம் அடுத்தவர்க்கு உறுதியாகத் தோற்றமளிக்கும். பின்னொருநாள் உரிமையாளர் வினவும்போது, அதன்மேல் எழுப்பப்பட்ட களஞ்சியங்கள் யாவும் இடர்ப்படும்.

இதற்கு எதிர்ப்புறமும் ஒன்றுண்டு. ஐயம் குற்றமாகாது. ஐயுற்ற அளவிலேயே ஒரு தொகுப்பை முற்றிலும் ஒதுக்குதல், நேர்மையாக உழைத்துப் பொதுவில் வைத்தவர்க்கு இழைக்கும் அநீதியாகும். ஆதலின் எடுத்தாள்வோரின் கடமை ஒதுக்குதல் அன்று, ஆராய்தலேயாம். நிரலை ஆக்கியோரை வினவுதல், ஐயத்திற்குரிய பகுதியைப் பிரித்தல், இயலுமாயின் மாற்று அமைத்தல், தெளிவு கிட்டாதபோது அதனை வழங்காது நிறுத்தி, நிறுத்தியதன் காரணத்தைக் குறித்தல் என அது படிப்படியாக விரியும்.

தொகை மரபு காட்டும் நெறி

இந்நெறிக்கு நம் தொகை மரபிலேயே ஒப்புமை உண்டு. குறுந்தொகையில் இயற்பெயர் அறியப்படாத புலவர் ஒருவர், தம் பாடலின் தொடராலேயே செம்புலப்பெயல்நீரார் எனப்பட்டார். அறிந்த புலவர் ஒருவரின் பெயரை அப்பாடலுக்கு ஏற்றித் தெளிவு இருப்பதாகக் காட்டுதல் எளிது. மரபு அவ்வாறு செய்யவில்லை. அறியாததை அறியாததாகவே காட்டியமையால், பிற்கால ஆய்வாளர்க்கு ஆராயும் வாயில் திறந்தே இருக்கிறது.

முடிவுரை

எடுத்தாள்வோர்க்கு முழுத்தெளிவு எப்போதும் வாய்ப்பதன்று. அறம் அதனை வேண்டுவதும் இல்லை. பெற்ற பொருளை வழங்கும்போது, அதுபற்றிய ஐயத்தையும் உடன் வழங்குதலே அது வேண்டுவது. ஓலை விட்ட இடத்தை விட்டவாறே காட்டும் பதிப்பாசிரியரை நம்பகமானவர் என்கிறோம். நிரலை எடுத்தாள்வோரையும் அவ்வளவையாலேயே மதிப்பிடுதல் தகும்.