நூலகம் போகாதவரின் வரி

தான் பயன்படுத்தாத ஒன்றுக்கு ஒருவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? பழைய கேள்விதான். பிளானோவில் அது ஆண்டுதோறும் வீட்டு மதிப்பீட்டுக் கடிதத்தோடு தபாலில் வந்து சேர்கிறது. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதற்கும் சேர்த்துத்தானோ என்று நினைக்கும்படி வீட்டு வரி போடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மே 15 வரை மதிப்பீட்டை எதிர்த்து மனுப் போட நேரமுண்டு. ஆகவே சித்திரை மாதத்தில் நம்மவர் கூடும் எந்த விருந்திலும் பேச்சு அங்கே போய் நிற்கும். யார் எவ்வளவு குறைத்தார், யாரை வைத்து வாதாடினார், பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படிக் குறைவாகப் போட்டார்கள். அப்படி ஒரு பேச்சின் நடுவே நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏங்க, நான் லைப்ரரிக்குள்ள கடைசியா காலெடுத்து வெச்சது பையன் எட்டாவது படிக்கும்போது. இப்ப அவன் வேலைக்கே போயிட்டான். இன்னும் நான் எதுக்கு அதுக்குக் கட்டணும்?"

நண்பர் கஞ்சரல்ல. ஊரில் படித்த பள்ளிக்கு வகுப்பறை கட்டிக் கொடுத்தவர். தானாகக் கொடுப்பதில் அவருக்குத் தயக்கமில்லை, எடுத்துக்கொள்ளப்படுவதில்தான் வருத்தம். அதனால் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. நல்ல நூலகம் இருக்கும் ஊரில் வீட்டு விலை ஏறும், ஆகவே மறைமுகமாக உங்களுக்கும் லாபம் என்பது ஒன்று. இது கடைக்காரர் கணக்கு. நூலகத்தை மூடியும் வீட்டு விலை இறங்காவிட்டால், மூடுவது நியாயமாகிவிடும். ஏழைகளுக்குச் செய்யும் உதவியாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பது மற்றொன்று. இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. புத்தகம் எடுக்க வருகிறவரை ஒரே சொல்லில் கையேந்த வைத்துவிடுகிறது. உண்மையில் பிளானோவில் அங்கே போகிறவர்கள் யார்? நகரில் ஐந்து நூலகங்கள்: ஹாகர்ட், ஹாரிங்டன், பார், டேவிஸ், ஷிமெல்ஃபெனிக். (கடைசிப் பெயரை நம்மவர் யாரும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "கஸ்டர் ரோடு லைப்ரரி" என்றால் எல்லோருக்கும் புரியும்.) கதை கேட்கும் குழந்தைகள், ஆங்கிலம் பேசிப் பழக வருகிற சீனப் பாட்டிகள், குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்கள், வீட்டில் சத்தம் தாங்காமல் மடிக்கணினியோடு வந்து உட்காரும் மென்பொருள்காரர். இவர்களில் யார் ஏழை, யார் பணக்காரர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கே யாரும் கேட்பதுமில்லை.

வரியால் நடக்கும் நூலகம் என்பது அமெரிக்காவில் 1833இல் நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோ என்ற சிற்றூரில் தொடங்கியது. அதற்கு முன்பும் நூலகங்கள் இருந்தன, சந்தா கட்டியவர்களுக்கு. கட்டியவர் படிக்கலாம், கட்டாதவர் வெளியே. நண்பரின் கேள்விக்குள் ஒளிந்திருப்பது இந்தப் பழைய சந்தா நூலகம்தான். அதில் அநியாயம் எதுவுமில்லை, கணக்கும் சரியாக இருக்கும். ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று இன்னும் தெரியாதவனுக்கு அங்கே இடமில்லை. சந்தா கட்டுகிறவனுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. யாருக்குத்தான் தெரிந்திருக்கும்?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இதைக் கணித ஆசிரியருக்குரிய தெளிவோடு பிடித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்ற இரண்டாம் விதியைக் கவனித்தால், 'ஒவ்வொரு' என்ற சொல்லுக்கு யாரோ பணம் கொடுத்தாக வேண்டும் என்பது விளங்கும். அவர் அதை நல்ல மனசுக்காரர்களிடம் விட்டுவிடவில்லை. சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக வாதாடினார். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு. எழுதப்படிக்கத் தெரியாத வீட்டுக்காரரும் அதைக் கட்டியிருக்கிறார். அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகங்களைப் படித்துவிட்டுத்தான் நம்மில் பலர் விமானம் ஏறினோம். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாத கடன் அது. திருப்பிக் கட்ட முகவரி கிடையாது.

கொடையை நம்பாத இன்னொருவர் ஆண்ட்ரூ கார்னகி. கொடையாளரே கொடையை நம்பாதது வேடிக்கைதான். நூலகக் கட்டடத்துக்குப் பணம் தருவார்; ஆனால் நகரம் ஆண்டுதோறும் அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை வரியிலிருந்து ஒதுக்கச் சம்மதிக்க வேண்டும். இங்கிருந்து இருபது மைல் தெற்கே, டாலஸின் முதல் பொது நூலகம் அப்படி 50,000 டாலர் கார்னகி பணத்தில் எழுந்து 1901இல் திறந்தது. வரி எல்லோருடையது. உள்ளே நுழைந்தவர்கள் வெள்ளையர் மட்டும். கறுப்பின மக்களுக்கென்று டன்பார் கிளையை டாலஸ் திறந்தது 1931இல். ஹூஸ்டனில் 1904இல் திறந்த கார்னகி நூலகம் அவர்களைத் திருப்பி அனுப்பியதால், அவர்களே முயன்று 1913இல் தனி நூலகம் அமைத்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டு ஒருவர் வரி கட்டியும் வாசற்படி ஏற முடியவில்லை என்றால், அது என்ன பொது?

நமக்கு இது அந்நியமான கதையல்ல. ஊருணி என்ற சொல்லை நாம் எவ்வளவு பெருமையோடு சொல்கிறோம்! ஊரே உண்ணும் நீர். அந்த ஊரில் யார் யார் சேர்த்தி என்பதைச் சேரியில் கேட்டால் வேறு பதில் வரும். வெட்டவும் தூர்வாரவும் கை வேண்டும், குடம் மட்டும் இறங்கக் கூடாது. ஆகவே நண்பரின் "நான் பயன்படுத்துவதில்லை, எதற்குக் கட்டணும்" என்பதை விட எனக்கு அச்சம் தருவது அதன் மறுபக்கம்: "நான் கட்டுகிறேன், ஆகவே யார் வரலாம் என்று நான் சொல்வேன்." முதலாவது நூலகத்தை ஏழையாக்கும். இரண்டாவது அதை வேறு ஏதோ ஒன்றாக்கிவிடும்.

இந்த இரண்டாவது குரல் நம்மிடமும் உண்டு. செய்தித்தாளை முன்னே வைத்துக்கொண்டு தூங்கும் மனிதர், கையில் நாலைந்து பைகள், குளித்துப் பல நாளான வாடை. "குழந்தைங்க வர்ற இடத்துல..." என்று தொடங்கி வாக்கியத்தை முடிக்காமல் விடுவோம். நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனில் இதே சிக்கல் நீதிமன்றம் வரை போனது. வீடற்ற ரிச்சர்ட் கிரைமர் என்பவரை வெளியேற்ற நூலகம் தன் விதிகளைக் காட்டியது. அவர் வழக்குத் தொடுத்தார். 1991இல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நூலகத்தின் விதிகள் செல்லும் என்றது. ஆனால் அதே தீர்ப்பில், பொது நூலகத்தில் படித்து அறியும் உரிமை அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்றும் ஒப்புக்கொண்டது. இரண்டு தரப்புக்கும் பாதி வெற்றி. எனக்கு அது சரியான தீர்ப்பாகத்தான் படுகிறது. பிறரைப் படிக்கவிடாமல் செய்கிறவரை எழுந்து போகச் சொல்லலாம். நம் கண்ணுக்கு உறுத்துகிறார் என்பதற்காகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடையில் கோடு எங்கே என்பதை மேசைக்குப் பின்னால் நிற்கும் நூலகர் தினமும் தன் பொறுப்பில் தீர்மானிக்கிறார். அவருக்குக் கொடுக்கும் சம்பளம் எனக்கு அதிகமாகத் தோன்றியதில்லை.

நண்பரிடம் இவற்றில் பாதியைத்தான் சொன்னேன். அவர் விடவில்லை. "சரிங்க, இருபது வருஷமா கட்டுறேன். பத்து வருஷம் கிரீன் கார்டுக்கு நின்னேன். அந்தப் பத்து வருஷத்துல இந்த நகரசபைக்கு ஒரு ஓட்டுப் போட்டிருப்பேனா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்மில் பலர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகைக்குள் வீட்டு வரியைக் கட்டுகிறார். உணவகத்தில் ஒரு தோசை சாப்பிட்டால் எட்டேகால் விழுக்காடு விற்பனை வரி, அதில் ஒரு விழுக்காடு நகரத்துக்கு. (மளிகைக் கடை இட்லி அரிசிக்கு வரி இல்லை, அந்த மட்டில் டெக்சஸ் வாழ்க.) கட்டுவதில் குடிமக்கள், தீர்மானிப்பதில் விருந்தாளிகள். நூலக அட்டை ஒன்றுதான் இந்த ஊரில் விசா என்னவென்று என்னைக் கேட்காமல் கைக்கு வந்தது. அது வாக்குக்கு ஈடாகாது, தெரியும். ஆனாலும் நன்றியோடு வாங்கும் விருந்தாளியாகவும் கணக்குக் கேட்கும் வாடிக்கையாளராகவும் இல்லாமல், மூன்றாவது விதமாக நான் அந்த ஊரில் நின்ற முதல் இடம் அது.

தமிழ்நாட்டு ரசீதில் நூலக வரி தனி வரியாக அச்சிட்டிருக்கும். பிளானோவில் பள்ளி, நகரம், கவுண்டி, கல்லூரி என்று பிரித்துக் காட்டுவார்கள்; நூலகம் நகரத்தின் பங்குக்குள் கரைந்து போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் யாரும் சண்டை போடுவதில்லை, காக்கவும் நினைப்பதில்லை. நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் கோடையின் கடைசியில் வரவு செலவுத் திட்டம் குறித்துப் பொதுமக்கள் பேச நாள் ஒதுக்குவார்கள். பேசுவதற்கு வாக்குரிமை வேண்டியதில்லை. இந்த முறை போவதாக இருக்கிறேன். நண்பரையும் அழைத்திருக்கிறேன். வந்தால் எனக்கு எதிராகத்தான் பேசுவார்.