மறைத்து வைத்த சோதனைச் சீட்டு

இரத்தக் கொதிப்பு என்னும் நோய்க்கு ஒரு தனி இயல்பு உண்டு. பெரும்பாலும் அது வலிப்பதில்லை. காய்ச்சலைப் போல் பாயில் கிடத்துவதும் இல்லை. பனமரத்துப்பட்டியில் வைகறைக்கு முன் எழுந்து அரளி மொட்டுப் பறிப்பவரும், கடையில் அமர்ந்து கணக்கெழுதுபவரும் அதனைச் சுமந்துகொண்டே பல்லாண்டுகள் நடமாடக் கூடும். ஒருநாள் கருவி 170, 100 என்று காட்டுகிறது. நேற்றுவரை நலமாயிருந்தவர் அன்று முதல் நோயாளி. உடல் அதே உடல்தான். உள்ளந்தான் நோகத் தொடங்குகிறது.

இங்கே ஓர் அறவினா எழுகிறது. அந்த எண்ணை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

நம் குடும்பங்களில் மூத்தோர் பலர் சொல்வதில்லை. மகளின் திருமணம் முடியட்டும், பேரனின் தேர்வு முடியட்டும் என்று சீட்டைப் பஞ்சாங்கத்தின் இடையே செருகி வைத்துவிடுகின்றனர். கேட்டால், பிறர் மனத்தை நோகச் செய்யும் உண்மையைச் சொல்லாதிருப்பதும் அகிம்சையே அன்றோ என்பர். இவ்விடை எளிதில் தள்ளத்தக்கதன்று. உயிர்க்கு ஊறு விளைக்கும் சொல் மெய்யாயினும் சொல்லலாகாது என்பது நம் முன்னோர் வாய்மைக்கு வகுத்த எல்லையே. ஆயினும், அவ்வெல்லை சொல்லே ஊறு செய்யும் இடத்திற்கு உரியது. மான் ஓடிய வழியை வேடனுக்குக் காட்டாதிருப்பது போன்றது. இங்கே ஊறு செய்வது நோய். நம் மௌனத்தால் தப்புவது மானன்று, வேடன்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1944 மார்ச்சில் இதய மருத்துவர் புரூன் அவரைச் சோதித்தபோது அழுத்தம் 186, 108 என இருந்தது. அவரிடம் யாரும் விரித்துரைக்கவில்லை, அவரும் வினவவில்லை. நாட்டு மக்களுக்கோ, தலைவர் நலமாக உள்ளார் என்றே தெரிவிக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தக் கசிவால் அவர் இறந்தார். அக்காலத்தில் அழுத்தத்தைக் குறைக்கத்தக்க நல்ல மருந்து இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தீர்வில்லாத செய்தியை மறைத்தவர்க்கு ஒரு சமாதானமேனும் இருந்தது.

நமக்கு அதுவும் இல்லை. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைத் தணிப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதன்பின் வந்த மருந்துகள் பல. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது. (வாயிலில் வந்து பெயர் சொல்லி அழைத்துத் தரும் மாத்திரையை வீட்டாருக்குத் தெரியாமல் மறைப்பதும் அரிதே!)

மறைப்பதன் வேர் அன்பு மட்டுமன்று, அச்சமும் ஆகும். நோயையே ஓயாது எண்ணி மறுகுவதை ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகையாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. அம்மறுக்கம் நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றவல்லது என்பது இன்றைய மருத்துவமும் ஒப்பும் செய்தி. மருத்துவரைக் கண்டவுடனே சிலருக்கு அளவு உயர்ந்துவிடுகிறது. ஆதலின் ஒரு நாள் எண்ணைக் கொண்டு மட்டும் பெரும்பாலும் முடிவு கட்டுவதில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், வேறு வேறு நாள்களில் மீண்டும் பார்த்து, 140, 90 என்ற அளவைத் தாண்டி நின்றால்தான் நோய் என்கின்றனர். சிறுநீரகச் சோதனையில் கிரியாட்டினின் சற்று மிகுந்தாலும் அவ்வாறே. நீர் வற்றிய உடலிலும் அது தற்காலிகமாக ஏறும்.

இனி வீட்டின் பக்கம் பார்ப்போம். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் இலையில் வைக்கும் மருமகளுக்கு மாமனாரின் எண் தெரியாதெனில் அவர் எதைக் குறைப்பார்?

நோன்பிருப்போர்க்கு ஒரு குறிப்பு. நீரும் அருந்தாத உபவாச நாளில், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை உண்பதா விடுவதா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். தாமாக நிறுத்துதல் தகாது. இரவில் எதுவும் உட்கொள்ளாத விரதத்தினர் மாத்திரை நேரத்தைக் குறித்துக் கலங்க வேண்டியதில்லை. 21,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இம்மாத்திரைகளைக் காலையில் உண்டவர்க்கும் மாலையில் உண்டவர்க்கும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவரிடம் விரதத்தைச் சொல்லிக் காலை வேளைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம்.